கத்திக்கு முன் மருந்து

மருந்து ஒன்றுதான், அறுவை சிகிச்சையும் ஒன்றுதான். மாற்றப்பட்டது வரிசை.

ஜப்பானில் 2000க்கும் 2006க்கும் இடையில் உணவுக்குழாய்ப் புற்றுநோயாளிகள் 330 பேர் ஓர் ஆய்வில் சேர்ந்தார்கள். எல்லோருக்கும் நோய் இரண்டாம் அல்லது மூன்றாம் நிலையில் இருந்தது. கட்டியை வெட்டி எடுத்துவிடலாம் என்று மருத்துவர்கள் கணித்திருந்தார்கள். யார் எந்தப் பிரிவில் சேர்வது என்பதைக் குலுக்கல் முடிவு செய்தது. ஒரு பிரிவினருக்கு முதலில் ஆபரேஷன், பிறகு சிஸ்பிளாட்டின், ஃப்ளூரோயுராசில் என்ற இரண்டு கீமோ மருந்துகள் இரண்டு சுற்று. அடுத்த பிரிவினருக்கு அதே மருந்துகள், அதே இரண்டு சுற்று, ஆனால் ஆபரேஷனுக்கு முன்னால். ஐந்தாண்டு கழித்துப் பார்த்தபோது, ஆபரேஷனை முதலில் செய்துகொண்டவர்களில் 100க்கு 43 பேர் உயிரோடு இருந்தார்கள். மருந்தை முதலில் பெற்றவர்களில் 100க்கு 55 பேர்.

புதிய மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. புதிய கருவியும் வரவில்லை. பல ஆண்டுகளாகக் கையில் இருந்த இரண்டு சிகிச்சைகளை முன்பின்னாக மாற்றி வைத்ததில் 100 பேரில் 12 பேர் கூடுதலாகப் பிழைத்தார்கள். மருத்துவ வரலாற்றில் இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு உயிர்கள் மீட்கப்பட்ட இடங்கள் அதிகம் இல்லை.

இது நம் இயல்பான எண்ணத்துக்கு எதிரானது. கட்டி இருக்கிறது என்று தெரிந்த நொடியில் நோயாளியும் வீட்டாரும் நினைப்பது அதை உடனே எடுத்துவிட வேண்டும் என்றுதான். “கட்டிய உள்ளயே வெச்சுக்கிட்டு ரெண்டு மூணு மாசம் எதுக்குங்க டாக்டர் காத்திருக்கணும்?” என்று கேட்காத குடும்பம் அபூர்வம். கேள்வி நியாயமானது. அதற்கான பதில் உணவுக்குழாயின் அமைப்பிலேயே தொடங்குகிறது.

ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளமுள்ள தசைக்குழாய் அது. கழுத்தில் மூச்சுக்குழாய்க்குப் பின்னால் தொடங்கி, முதுகெலும்பை ஒட்டி இறங்கி, பெருந்தமனியின் பக்கத்திலும் இதயத்தின் பின்புறத்திலும் நெருக்கியடித்துச் சென்று, உதரவிதானத்தைத் தாண்டி இரைப்பையில் சேர்கிறது. இரைப்பைக்கும் குடலுக்கும் வெளியே மெல்லிய உறை ஒன்று உண்டு. உணவுக்குழாயின் பெரும்பகுதிக்கு அந்த உறை இல்லை. சுவரைத் துளைத்து வெளியே வரும் புற்று, தடுப்பார் இல்லாமல் பக்கத்து உறுப்பைத் தொட்டுவிடும். இன்னொரு ஆபத்து உள்ளே இருக்கிறது. குழாயின் உட்சுவருக்கு அடியில் நிணநீர் நாளங்கள் மேலும் கீழுமாக நீளவாக்கில் ஓடுகின்றன. நெஞ்சின் நடுவில் இருக்கும் சிறிய கட்டியிலிருந்து கிளம்பிய செல்கள் கழுத்து நிணநீர்க் கணுவிலும் இருக்கலாம், வயிற்றுக் கணுவிலும் இருக்கலாம்.

அதோடு இந்த நோய் தாமதமாகத்தான் தன்னைக் காட்டிக்கொள்கிறது. குழாய் நன்றாக விரிந்துகொடுக்கும் தன்மை உடையதால், கணிசமாக அடைபட்ட பிறகே விழுங்கும்போது சிரமம் தெரியும். முதலில் சப்பாத்தி, கறித்துண்டு மாதிரி கெட்டியானவை நெஞ்சில் நிற்கும். வயதாகிவிட்டது, வாயு பிடித்துக்கொண்டது என்று நினைத்துக்கொண்டு ரசம் ஊற்றிக் குழையப் பிசைந்து சாப்பிடப் பழகிவிடுவார்கள். பிறகு சோறும் இறங்காது, கஞ்சிதான் இறங்கும். மருத்துவரிடம் வருவதற்குள் உடல் எடை இறங்கியிருக்கும், நோய் பெரும்பாலும் சுவரைத் தாண்டியிருக்கும். உலகில் 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தப் புற்று ஏறத்தாழ 5,11,000 பேருக்குப் புதிதாக வந்தது, 4,45,000 பேர் இதனால் இறந்தார்கள். இரண்டு எண்களும் இவ்வளவு நெருக்கமாக இருப்பதே இதன் கொடுமையைச் சொல்லிவிடும். கெட்டியானது விழுங்கும்போது தொடர்ந்து இரண்டு மூன்று வாரம் சிக்கினால் எண்டோஸ்கோபி செய்துகொள்ளத் தயங்கவே கூடாது. வெற்றிலை, பாக்கு, புகையிலை பழக்கம் உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அவற்றை இந்த நோய்க்கான காரணங்களில் சேர்த்திருக்கிறது.

அறுவை சிகிச்சை மட்டுமே வழி என்றிருந்த காலம் நீண்டது. 1913இல் நியூயார்க்கில் ஃபிரான்ஸ் டோரெக் என்ற மருத்துவர் 67 வயதுப் பெண் ஒருவரின் மார்பைத் திறந்து, புற்று வந்த உணவுக்குழாயை வெட்டி எடுத்தார். அறுபட்ட முனைகளை இணைக்க அவருக்கு வழி தெரியவில்லை. கழுத்தில் ஒரு துளை, வயிற்றில் ஒரு துளை, இரண்டையும் இணைக்க உடலுக்கு வெளியே ஒரு ரப்பர் குழாய். அந்தப் பெண் அதன் வழியே சாப்பிட்டு 13 ஆண்டுகள் வாழ்ந்தார். இரைப்பையை மேலே இழுத்து உணவுக்குழாயின் மிச்சத்தோடு மார்புக்குள்ளேயே இணைக்கும் வித்தையை 1930களில் கியோட்டோவின் ஓசாவா செய்து காட்டினார். 1946இல் பிரிட்டனின் ஐவர் லூயிஸ் விவரித்த முறை இன்றும் அவர் பெயரிலேயே செய்யப்படுகிறது.

அந்தக் கைத்திறனின் பலன் என்ன என்று 1980இல் இருவர் கணக்கெடுத்தார்கள். ஏர்லம், குன்யா-மெலோ என்ற அந்த இருவரும் 122 கட்டுரைகளில் பதிவான 83,783 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்தார்கள். இந்த நோயின் இரண்டு பெரிய வகைகளில் ஒன்றான செதிள் செல் வகைப் புற்று வந்த 100 பேரில் 58 பேரை அறுவை அரங்குக்குக் கொண்டுபோக முடிந்தது. 39 பேருக்குக் கட்டியை எடுக்க முடிந்தது. அவர்களில் 13 பேர் மருத்துவமனையிலேயே இறந்தார்கள். வீடு திரும்பிய 26 பேரில் ஓராண்டு தாண்டியவர்கள் 18. ஐந்தாண்டு தாண்டியவர்கள் 4.

மயக்க மருந்தும் தீவிர சிகிச்சையும் முன்னேற, ஆபரேஷனில் இறப்பவர்கள் வெகுவாகக் குறைந்தார்கள். ஆனாலும் கட்டியைச் சுத்தமாக எடுத்த பிறகும் ஓரிரு ஆண்டில் கல்லீரலிலோ நுரையீரலிலோ கழுத்திலோ நோய் தலைதூக்குவது தொடர்ந்தது. கத்தி உடம்பைத் தொடுவதற்கு முன்பே செல்கள் கிளம்பிப் போயிருந்தன. விதை உதிர்ந்த பிறகு களையைப் பிடுங்குவது போன்ற வேலை அது. அந்த விதைகளைக் கொல்ல ரத்தத்தில் ஓடும் மருந்து தேவை என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எப்போது கொடுப்பது என்பதில்தான் ஆண்டுக்கணக்கில் வாதம் நடந்தது. ஆபரேஷனுக்கு முன் கீமோ கொடுப்பதால் பயன் இல்லை என்றது 1998இல் வெளியான அமெரிக்க ஆய்வு. பயன் உண்டு என்றது 802 பேரைச் சேர்த்து 2002இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு.

முன்னால் கொடுப்பது ஏன் உதவுகிறது? முதல் காரணம் மிக எளியது. ஆபரேஷனுக்குப் பிறகு உடம்பு தாங்காது. மார்பையும் வயிற்றையும் திறந்து, உணவுக்குழாயை எடுத்து, இரைப்பையைக் குழாயாகத் தைத்து நெஞ்சுக்குள் ஏற்றி வைக்கும் அறுவை இது. தேறி எழவே மாதங்கள் ஆகும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சாப்பிட முடியும். அந்த நிலையில் கீமோவைத் தொடங்குவதே பலருக்கு முடியாமல் போகிறது. இரைப்பை, உணவுக்குழாயின் கீழ்ப்பகுதிப் புற்றுகளுக்காகப் பிரிட்டனில் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் மூன்று மூன்று சுற்று மருந்து என்று திட்டமிட்டார்கள். முன்சுற்றுகளை 100க்கு 86 பேர் முடித்தார்கள். பின்சுற்றுகளையும் சேர்த்து ஆறையும் முடித்தவர்கள் 42 பேர்தான். எவ்வளவு நல்ல மருந்தானாலும் உடம்புக்குள் போனால்தானே வேலை செய்யும்.

ஜப்பானிய ஆய்விலும் இதன் இன்னொரு முகம் இருந்தது. ஆபரேஷனை முதலில் செய்த பிரிவில், வெட்டி எடுத்த நிணநீர்க் கணுக்களில் புற்று இல்லை என்று தெரிந்தவர்களுக்குத் திட்டப்படியே கீமோ தரப்படவில்லை. மற்ற பிரிவில் எல்லோருக்கும் மருந்து முன்கூட்டியே போய்விட்டது. ஆகவே அந்த 12 பேரின் வித்தியாசத்தில், வரிசை மாறியதால் மருந்து கூடுதல் பேரைச் சென்றடைந்ததும் அடங்கும். இதைக் குறை என்று சிலர் சொல்வார்கள். வரிசையின் வலிமையே இதுதான் என்பது என் எண்ணம்.

இரண்டாவது காரணம் ரத்த ஓட்டம். கட்டி தன் இடத்தில் இருக்கும்போது அதற்குள் போகும் ரத்தக்குழாய்கள் அறுபடாமல் இருக்கின்றன. மருந்தும் போகிறது, ஆக்ஸிஜனும் போகிறது. நோயாளிகள் ‘கரண்டு வைக்கிறது’ என்று சொல்லும் கதிர்வீச்சுக்கு இந்த ஆக்ஸிஜன் மிக முக்கியம். கதிர் பட்டு உண்டாகும் டி.என்.ஏ. சேதத்தை நிலைக்க வைப்பது ஆக்ஸிஜன்தான். ஆக்ஸிஜன் கிடைக்காத செல்லைக் கொல்ல இரண்டு மூன்று மடங்கு அதிகக் கதிர் வேண்டியிருக்கும். ஆபரேஷனுக்குப் பிறகு அந்த இடம் தழும்பாகிவிடுகிறது, ரத்தம் குறைகிறது. குறிபார்க்கக் கட்டியும் அங்கே இல்லை. போதாததற்கு, மேலே இழுத்து வைத்த இரைப்பை கதிரின் பாதையில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

மூன்றாவது, கட்டி சுருங்குவது. பெருந்தமனிக்கும் மூச்சுக்குழாய்க்கும் நடுவே அறுவை மருத்துவருக்குக் கிடைப்பது மில்லிமீட்டர் கணக்கிலான இடம். கட்டி சுருங்கினால் அந்த விளிம்பு கிடைக்கிறது. நோயாளிக்கும் இதில் உடனடிப் பலன் உண்டு. மருந்து வேலை செய்யத் தொடங்கிய சில வாரங்களில் பலருக்குச் சாப்பாடு மறுபடி இறங்குகிறது. ஆபரேஷனுக்கு வரும்போது அவர்கள் முன்பைவிடத் தெம்பாக இருக்கிறார்கள்.

நான்காவது காரணம் கசப்பானது. எப்படியும் பரவத்தான் போகிற நோய் சிலருக்கு அந்த இரண்டு மூன்று மாதங்களில் கல்லீரலில் தலைகாட்டிவிடும். பலன் தர வாய்ப்பில்லாத ஒரு பெரிய ஆபரேஷனிலிருந்து அவர்கள் தப்புகிறார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ஒரு மருத்துவமனையின் பழைய கோப்புகளை எடுத்து, மருந்துக்குப் பின் ஆபரேஷன் செய்துகொண்டவர்களையும் நேரே ஆபரேஷனுக்குப் போனவர்களையும் ஒப்பிட்டால், முதல் கூட்டம் அதிகம் வாழ்ந்ததாகத் தோன்றும். அதை நம்பக் கூடாது. மருந்துக் காலத்தில் இறந்தவர்களும் நோய் பரவியவர்களும் ஆபரேஷன் வரை வரவே இல்லை. வந்து சேர்ந்தவர்கள் ஏற்கெனவே அந்த மாதங்களைத் தாண்டியவர்கள். அவர்களை மட்டும் எண்ணினால் எந்த வரிசையும் அற்புதமாகத் தெரியும். அதனால்தான் முதல் நாளிலேயே குலுக்கல் போட்டு, நடுவில் விலகியவர்கள், இறந்தவர்கள் எல்லோரையும் அவரவர் பிரிவிலேயே வைத்து எண்ணும் ஆய்வுகள் தேவைப்படுகின்றன. ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வைக்கும் வேலை அது. அதற்குச் சம்மதித்த நோயாளிகளுக்குத்தான் நாம் கடன்பட்டிருக்கிறோம்.

அப்படிப்பட்ட ஆய்வுகளில் அதிகம் பேசப்படுவது நெதர்லாந்தில் நடந்தது. 2004 முதல் 2008 வரை சேர்ந்த 366 பேரில் பாதிப் பேருக்கு ஆபரேஷன் மட்டும். மீதிப் பேருக்கு ஐந்து வாரம் கார்போபிளாட்டின், பாக்ளிடாக்சல் என்ற மருந்துகளோடு, அதே வாரங்களில் 23 தவணையாக 41.4 கிரே கதிர்வீச்சு. சில வாரங்கள் கழித்து ஆபரேஷன். கட்டியை முழுமையாக எடுக்க முடிந்தவர்கள் 69 சதவீதத்திலிருந்து 92 சதவீதமாக உயர்ந்தார்கள். இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டிய காலம்) 24 மாதத்திலிருந்து 49 மாதமாக, அதாவது இரண்டு மடங்காக ஆனது. பத்தாண்டு கழித்தும் இடைவெளி மறையவில்லை: ஆபரேஷன் மட்டும் என்றால் 100க்கு 25 பேர், மருந்தும் கதிரும் முன்னால் என்றால் 38 பேர்.

என்னை நிறுத்தி யோசிக்க வைத்த எண் இதில் வேறொன்று. வெட்டி எடுத்த உணவுக்குழாய்களை நுண்ணோக்கியில் பார்த்தபோது, 29 சதவீதத்தில் உயிருள்ள புற்றுச் செல் ஒன்றுகூட இல்லை. செதிள் செல் வகையில் மட்டும் பார்த்தால் கிட்டத்தட்ட பாதியில் இல்லை. கட்டி இருந்த இடத்தில் தழும்பு மட்டுமே இருந்தது. அப்படியானால் அந்த ஆபரேஷன் எதற்கு?

இந்தக் கேள்வி இன்னொரு உறுப்பில் ஏற்கெனவே எழுந்தது. 1974இல் டெட்ராய்டைச் சேர்ந்த நார்மன் நிக்ரோ, ஆசனவாய்ப் புற்று வந்த மூவருக்கு ஆபரேஷனுக்கு முன் கீமோவும் கதிரும் கொடுத்ததை எழுதினார். இருவருக்கு ஆபரேஷன் செய்து பார்த்தால் புற்று இல்லை. மூன்றாமவர் ஆபரேஷனே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆசனவாய்ப் புற்றுக்கு இன்று முதல் சிகிச்சை மருந்தும் கதிரும்தான். கத்தி கடைசி வழி. அதே டெட்ராய்ட் மருத்துவர்கள் இந்த யோசனையை உணவுக்குழாய்க்கும் கொண்டுவந்தார்கள். ஆபரேஷன் இல்லாமல் கதிர் மட்டும் பெற்றவர்களையும், கதிரும் கீமோவும் ஒரே நேரத்தில் பெற்றவர்களையும் ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு 1992இல் முதலில் வெளியானது. ஐந்தாண்டு முடிவில் முதல் பிரிவில் ஒருவரும் இல்லை. இரண்டாம் பிரிவில் 100க்கு 26 பேர் இருந்தார்கள். கதிர் உடைத்த டி.என்.ஏ.வைச் செல் சரிசெய்ய விடாமல் மருந்து தடுக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் இருந்தால்தான் அது நடக்கும்.

எல்லா நோயாளிக்கும் ஒரே வரிசை என்று நினைத்துவிடக் கூடாது. இந்தப் புற்றில் இரண்டு பெரிய வகைகள் உண்டு. ஈரானிலிருந்து மத்திய ஆசியா வழியாகச் சீனா வரையிலும் இந்தியாவிலும் அதிகம் காணப்படுவது செதிள் செல் வகை. மேலை நாடுகளில் பெருகியிருப்பது, அமில எதுக்களிப்போடும் உடற்பருமனோடும் தொடர்புடைய சுரப்பிச் செல் வகை. சுரப்பிச் செல் புற்று வந்த 438 பேரை வைத்து ஜெர்மனியில் நடந்த ஆய்வு, நெதர்லாந்து முறையைவிட, ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் நான்கு மருந்துகளின் கூட்டைக் கதிரே இல்லாமல் கொடுப்பது நல்லது என்று காட்டியது. இடைநிலை ஆயுள் 37 மாதத்துக்கு எதிராக 66 மாதம். இது 2025இல் அச்சானது. ஜப்பானில் செதிள் செல் வகையினர் 601 பேரிடம் நடந்த அடுத்த ஆய்வில், பழைய இரண்டு மருந்துகளோடு டோசிடாக்சலைச் சேர்த்து முன்னால் கொடுத்தபோது மூன்றாண்டு உயிர்வாழ்வு 62.6 சதவீதத்திலிருந்து 72.1 ஆனது. நோய் ஆரம்பத்திலேயே பிடிபட்டவர்களுக்கோ முன்மருந்தும் கதிரும் உதவவில்லை. பிரான்சில் அப்படிப்பட்ட 195 பேரிடம் நடந்த ஆய்வில் ஆயுள் கூடவில்லை. ஆபரேஷனை ஒட்டிய இறப்புதான் 3.4 சதவீதத்திலிருந்து 11.1 சதவீதமாகக் கூடியது. அவர்களுக்கு நேரே கத்திதான் சரி. மேல்தோலோடு நிற்கும் புற்றாக இருந்தால் எண்டோஸ்கோபி வழியாகச் சுரண்டி எடுப்பதே போதும்.

நோயெதிர்ப்பாற்றலைத் தூண்டும் புதிய மருந்துகளிலும் வரிசையின் விளையாட்டு தொடர்கிறது. மெலனோமா என்ற தோல் புற்றில், பெம்ப்ரோலிசுமாப் மருந்தின் 18 தவணைகளையும் ஆபரேஷனுக்குப் பின் கொடுப்பதையும், அதே 18இல் 3 தவணையை முன்னால் நகர்த்திக் கொடுப்பதையும் அமெரிக்காவில் 313 பேரிடம் ஒப்பிட்டார்கள். இரண்டாண்டு முடிவில் நோய் திரும்பாமலும் முற்றாமலும் இருந்தவர்கள் 49 சதவீதத்துக்கு எதிராக 72 சதவீதம். கட்டி உள்ளே இருக்கும்போது மருந்து போனால், நோயெதிர்ப்புச் செல்கள் அந்தக் கட்டியிலேயே எதிரியின் அடையாளங்களைப் பல விதமாகக் கற்றுக்கொள்கின்றன என்பது விளக்கம். உணவுக்குழாயில், இதே வகையைச் சேர்ந்த நிவோலுமாப் என்ற மருந்து இதுவரை உறுதியாக நிலைபெற்றிருப்பது முன்மருந்து, கதிர், ஆபரேஷன் எல்லாம் முடிந்த பின்னும் புற்றின் மிச்சம் தெரிந்தவர்களுக்குத்தான். அது நோய் திரும்பாத காலத்தை 11 மாதத்திலிருந்து 22 மாதமாக நீட்டியது.

மறுபடி அந்த 29 சதவீதத்துக்கு வருவோம். நெதர்லாந்து மருத்துவர்கள் கேள்வியை அப்படியே விடவில்லை. மருந்தும் கதிரும் முடிந்தபின் புற்று இருக்கிறதா என்று ஆபரேஷன் செய்யாமலேயே கண்டுபிடிக்க முடியுமா என்று முதலில் சோதித்தார்கள். மேலோட்டமாக எடுத்த பயாப்ஸியில் கணிசமான மிச்சப் புற்றுகளில் 31 சதவீதம் தப்பிவிட்டன. மேல்தோல் ஆறிவிடுகிறது, அடியில் புற்று ஒளிந்திருக்கிறது. கிள்ளிய இடத்திலேயே மறுபடி ஆழமாகக் கிள்ளி, கணுக்களிலும் ஊசி போட்டு எடுத்தபோது தப்பியவை 10 சதவீதமாகக் குறைந்தன. அந்த நம்பிக்கையில் அடுத்த ஆய்வைத் தொடங்கினார்கள். புற்று தென்படாத 309 பேரில் 111 பேருக்கு ஆபரேஷன். 198 பேருக்குத் தொடர் கண்காணிப்பு, புற்று திரும்பினால் மட்டும் ஆபரேஷன். இரண்டாண்டு முடிவில் உயிரோடு இருந்தவர்கள் ஆபரேஷன் பிரிவில் 71 சதவீதம், கண்காணிப்புப் பிரிவில் 74 சதவீதம்.

கண்காணிப்பில் இருந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அதே இடத்தில் புற்று திரும்பியது. அவர்களுக்கு ஆபரேஷன் தள்ளிப்போனதே தவிர, தவிர்ந்துபோகவில்லை. மூன்றில் ஒரு பங்கினர் நோயும் இல்லாமல் கத்தியும் படாமல் இருந்தார்கள். ஆறில் ஒருவருக்கு நோய் வேறு உறுப்புக்குப் பரவியது. ஆறாம், ஒன்பதாம் மாதங்களில் அன்றாட வாழ்க்கையின் தரம் கண்காணிப்புப் பிரிவினருக்கே மேலாக இருந்தது. நெஞ்சுக்குள் ஏற்றிய இரைப்பையோடு வாழ்பவர்கள் நாளுக்கு ஆறேழு முறை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும், தலைப்பக்கத்தை உயர்த்தித்தான் படுக்க வேண்டும் என்பதை அறிந்தவர்களுக்கு இந்த வித்தியாசத்தின் அருமை புரியும்.

இந்த வழிக்கு ஒரு விலையும் உண்டு. முதல் ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எண்டோஸ்கோபி, ஆழமான பயாப்ஸி, பெட் ஸ்கேன் எல்லாம் தவறாமல் நடக்க வேண்டும். அவற்றைச் செய்யத் தெரிந்த கைகளும், திரும்பிய புற்றை உடனே எடுக்கும் அறுவைக் குழுவும் பக்கத்தில் இருக்க வேண்டும். இரவு முழுக்க பஸ்ஸில் வந்தால்தான் அப்படிப்பட்ட மருத்துவமனையை அடைய முடியும் என்ற நிலையில் இருப்பவர், ஒரு சோதனையைத் தவறவிட்டால்கூட வாய்ப்பை இழக்கக்கூடும். அவருக்கு மருந்தும் கதிரும் முடித்து, உடம்பு தேறியதும் ஆபரேஷனையும் செய்துகொண்டு ஊர் திரும்புவதே இன்றைக்குப் பாதுகாப்பான வரிசை.